நிரூபிக்க வேண்டியது யார்?

விளையாட்டு வீரரின் உடலில் தடை செய்யப்பட்ட மருந்து இருப்பது தெரிந்துவிட்டால், அதை அவர் தெரிந்தே உட்கொண்டார் என்று யாரும் நிரூபிக்கத் தேவையில்லை. மருந்து இருந்ததே விதிமீறல். உடலுக்குள் போகும் ஒவ்வொன்றுக்கும் வீரரே பொறுப்பு என்பதுதான் ஊக்கமருந்து தடுப்பு விதிகளின் அடித்தளம். 1999-ல் தொடங்கப்பட்ட உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையான ‘வாடா’ இந்த விதிகளை வகுக்கிறது. இந்தியாவில் அவற்றைச் செயல்படுத்துவது தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமையான ‘நாடா’. 2022-ல் வந்த தேசிய ஊக்கமருந்து தடுப்புச் சட்டம் அதற்குச் சட்ட அந்தஸ்து கொடுத்தது.

சோதனை அதிகாரியின் கண் முன்னேயே வீரர் சிறுநீர் கொடுக்க வேண்டும். அது ‘ஏ’, ‘பி’ என இரண்டு குப்பிகளில் ஊற்றி முத்திரையிடப்படுகிறது. ‘ஏ’ குப்பியில் மருந்து தென்பட்டால், ‘பி’ குப்பியையும் திறந்து பார்க்கச் சொல்லும் உரிமை வீரருக்கு உண்டு. இரண்டிலும் ஸ்டீராய்டு இருந்தால் தடை 4 ஆண்டு. தெரிந்து எடுக்கவில்லை என்று வீரர் நிரூபித்தால் அது 2 ஆண்டாகக் குறையலாம். ஆனால் அந்த மருந்து எந்த வழியாக உடலுக்குள் வந்தது என்று காட்ட முடியாத வீரருக்கு இந்தச் சலுகை கிடைப்பது மிக அரிது.

மல்யுத்த வீரர் நர்சிங் யாதவ் இதில்தான் தோற்றார். 2016 ரியோ ஒலிம்பிக்குக்குச் சில வாரங்கள் முன்பு அவர் சோதனையில் சிக்கினார். தன் உணவிலும் பானத்திலும் யாரோ மருந்தைக் கலந்துவிட்டதாகச் சொன்னார். நாடா அதை ஏற்று விடுவித்தது. வாடா விடவில்லை, விளையாட்டு வழக்குகளின் உச்ச மன்றமான சர்வதேச நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போனது. ரியோவிலேயே கூடிய அமர்வு, சதி நடந்ததற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று சொல்லி 4 ஆண்டு தடை விதித்தது. களமிறங்க ஒரு நாளே இருந்தபோது வந்த தீர்ப்பு அது.

திருச்சி மாவட்டத்துச் சிற்றூரிலிருந்து வந்த கோமதி மாரிமுத்து 2019-ல் தோஹாவில் 800 மீட்டர் ஓட்டத்தில் ஆசியத் தங்கம் வென்றபோது தமிழகமே கொண்டாடியது. அவருக்கும் ஸ்டீராய்டு வழக்கில் 4 ஆண்டு தடை விதிக்கப்பட்டது; பதக்கமும் போனது. தடை செய்யப்பட்ட மருந்தை ஒருநாளும் எடுத்ததில்லை என்றார் அவர். அதே ஆண்டில் கிரிக்கெட் வீரர் பிரித்வி ஷாவின் சிறுநீரில் டெர்பியூட்டலின் இருந்தது. இருமல் மருந்திலிருந்து வந்தது என்ற விளக்கத்தை ஏற்ற கிரிக்கெட் வாரியம் 8 மாதத் தடையோடு முடித்துக்கொண்டது. இரண்டு மருந்துகளும் ஒரே வகை அல்ல; ஆகவே இரண்டு தண்டனைகளையும் அப்படியே ஒப்பிட முடியாது. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விளக்கத்தைக் கட்டி எழுப்ப மருத்துவர் வேண்டும், ஆய்வகம் வேண்டும், வழக்கறிஞர் வேண்டும். மேல்முறையீட்டுக்கு, நடுவர் தீர்ப்பாயம் இருக்கும் சுவிட்சர்லாந்தின் லோசான் நகர் வரை போக வேண்டியிருக்கும். கூலி வேலை செய்யும் வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு இதில் எது கைக்கெட்டும்? நிரூபிக்கும் சுமையை வீரர் தலையில் வைத்த சட்டம், அதைச் சுமக்கும் வலுவையும் அவருக்குத் தர வேண்டும். இலவசச் சட்ட உதவியும், எந்த மருந்தை எடுக்கக் கூடாது என்று தாய்மொழியில் சொல்லித்தரும் ஆளும் மாவட்ட அளவிலேயே இருந்தாக வேண்டும்.

மருந்தே எடுக்காதவரும் சிக்கலாம். முன்னணி வீரர்கள் தினமும் ஒரு மணி நேரம் எங்கே இருப்பார்கள் என்று முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். 12 மாதங்களில் மூன்று முறை தவறினால் அதுவே விதிமீறல். மேற்கிந்தியத் தீவுகளின் கிரிக்கெட் வீரர் ஆந்த்ரே ரஸல் 2017-ல் ஓராண்டு தடை பெற்றது இதற்காகத்தான்.

களத்து ஒழுங்கீனத்துக்கான விதிகள் இவ்வளவு சிக்கலானவை அல்ல. 2023-ல் டாக்காவில் ஸ்டம்பை மட்டையால் அடித்து, நடுவர்களையும் பகிரங்கமாகக் குறைகூறிய இந்தியக் கிரிக்கெட் வீராங்கனை ஹர்மன்பிரீத் கவுருக்கு அபராதமும் இரண்டு ஆட்டத் தடையும் சில நாட்களிலேயே வந்தன. களத்துக்கு வெளியே நடப்பதில் அந்த வேகம் இல்லை. அதே ஆண்டு பாலியல் புகாரோடு மல்யுத்த வீராங்கனைகள் டெல்லி ஜந்தர் மந்தரில் தெருவில் உட்கார்ந்தார்கள். அவர்கள் உச்ச நீதிமன்றத்தை நாடிய பிறகே முதல் தகவல் அறிக்கை பதிவானது.

ஊக்கமருந்து வழக்கோடு ஒப்பிட்டால், மேட்ச் ஃபிக்ஸிங்கில் நிலைமை தலைகீழ். இங்கே குற்றத்தை நிரூபிப்பது வாரியத்தின் பொறுப்பு, அல்லது காவல்துறையின் பொறுப்பு. 2013 ஐ.பி.எல். போட்டியில் குறிப்பிட்ட ஓவரில் ரன்களை விட்டுக்கொடுக்க ஒப்புக்கொண்டார், இடுப்பில் துண்டைச் செருகிச் சமிக்ஞை காட்டினார் என்பது கிரிக்கெட் பந்துவீச்சாளர் ஸ்ரீசாந்த் மீதான குற்றச்சாட்டு. 2015-ல் டெல்லி நீதிமன்றம் அவரை விடுவித்தது. கிரிக்கெட் வாரியத்தின் ஆயுள் தடையோ நீடித்தது. 2019-ல் உச்ச நீதிமன்றம், குற்றவியல் வழக்கு வேறு, வாரியத்தின் ஒழுங்கு நடவடிக்கை வேறு என்று சொல்லி, தண்டனையின் அளவை மட்டும் மறுபரிசீலனை செய்யச் சொன்னது. தடை 7 ஆண்டாகக் குறைந்தது. அதே விவகாரத்தில், சென்னை சூப்பர் கிங்ஸ் அணி நிர்வாகத்தைச் சேர்ந்த குருநாத் மெய்யப்பன் பந்தயம் கட்டியதற்காக அந்த அணியே இரண்டு ஆண்டுகள் ஆட முடியாமல் போனது.

வாரியத்தால் தடைதான் விதிக்க முடியும், சிறைக்கு அனுப்ப முடியாது. லார்ட்ஸ் மைதானத்தில் 2010-ல் காசுக்காக நோ-பால் வீசிய விவகாரத்தில் பாகிஸ்தான் வீரர்கள் மூவர் இங்கிலாந்தில் சிறைக்குப் போனார்கள். அங்கே சூதாட்டச் சட்டத்திலேயே அதற்கு இடம் இருந்தது. இலங்கை 2019-ல் தனிச் சட்டமே இயற்றியது: 10 ஆண்டு வரை சிறை. இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் இல்லை. கர்நாடக பிரீமியர் லீக் வழக்கில், மேட்ச் ஃபிக்ஸிங் மோசடிக் குற்றத்துக்கான அப்போதைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 420-வது பிரிவுக்குள் வராது என்று 2022-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. இதற்கான மசோதாவின் வரைவு 2013-லேயே தயாரானது. அதைத் தூசு தட்டி எடுத்து நாடாளுமன்றம் நிறைவேற்ற வேண்டும்.