தரையைக் காலால் பாருங்கள்

சுவரின் வர்ணம் பிடிக்காவிட்டால் இரண்டு வருஷத்தில் மாற்றிவிடலாம். தரை அப்படியா? பெயர்ப்பதென்றால் குடித்தனத்தையே வெளியே தூக்கிவைக்க வேண்டும்!

திருச்சி காட்டூரில் என் சிநேகிதி வீடு கட்டுகிறாள். கணவர் ஓய்வு பெற்றபோது வந்த பணம். வீட்டில் 78 வயது மாமியார். டைல்ஸ் கடைக்குத் துணையாக என்னையும் அழைத்துப் போனார்கள். விளக்கு வெளிச்சத்தில் எல்லாம் கண்ணாடியாக மின்னின. "குளியலறைக்கும் இதையே போட்டுவிடுவோம்" என்றார் அவர். "அத்தை வெள்ளிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளிப்பார்களே" என்றாள் இவள், மெல்ல. அவ்வளவுதான், பேச்சு நின்றுவிட்டது.

சகோதரிகளே, கடையில் ஒரு சில்லு கேட்டு வாங்கித் தரையில் வையுங்கள். தண்ணீர் ஊற்றி, ஒரு சொட்டு எண்ணெயும் விட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை வைத்துப் பாருங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். வழுக்கினால் அது குளியலறைக்கு ஆகாது. விட்ரிஃபைடு டைல்ஸ் நூற்றுக்கு அரைப் பங்குக்கு மேல் நீரை உறிஞ்சாது, கறையும் இறங்காது. ஆனால் பளபளப்பு வேறு, உறுதி வேறு. அதே சரக்கு சொரசொரப்பாகவும் கிடைக்கிறது, அதைக் கேளுங்கள்.

சமையலறையில் மார்பிள் ஆசை வேண்டாம். மார்பிள், கடப்பைக்கல், கோட்டாக்கல் மூன்றுமே சுண்ணாம்பின் இனம். எலுமிச்சைச் சாறோ புளிக்கரைசலோ சிந்தினால் அந்த இடம் மங்கி வடுவாகும். கிரானைட்டுக்கு அந்தப் பயமில்லை.

கூடத்துக்கு என்ன? எனக்குச் சிவப்பு ஆக்சைடு தரைமேல் தனி மோகம். மாக்கோலம் போட்டால் அந்தச் சிவப்பில் எப்படி எடுக்கும்! ஆனால் தேய்க்கத் தெரிந்த கொத்தனார் இன்று அரிது. நீர் கட்டி நிதானமாக ஆறவிடாமல் அவசரப்பட்டால் வெடிப்பு விடும். சிநேகிதியின் மனமோ ஆத்தங்குடிக் கல்லில். புதுக்கோட்டை, திருமயம் தாண்டிக் காரைக்குடிப் பக்கம் இருக்கிறது அந்த ஊர். கண்ணாடிப் பலகையின் மேல் அச்சை வைத்து, வர்ண சிமெண்டைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். சூளை கிடையாது. அதன் மினுமினுப்பு அந்தக் கண்ணாடி தந்தது. நாளாக ஆக, நடக்க நடக்கக் கூடும். ஆனால் ஆசிட் ஊற்றிக் கழுவினால் பூ போய்விடும். வேலைக்கு வருகிற அம்மாளிடம் முதல் நாளே சொல்லிவையுங்கள். நீர் தேங்கும் இடத்துக்கும் அது வேண்டாம்.

எந்த டைல்ஸ் வாங்கினாலும் பெட்டிகளின் மேல் ஒரே வார்ப்பு எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையேல் நிறம் லேசாக மாறிப் பதித்தபின் பல்லிளிக்கும். நூற்றுக்குப் பத்து அதிகம் வாங்கி, மீந்ததைப் பரணில் போடுங்கள். குளியலறையில் பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் வாட்டம் இருக்கட்டும். ரசமட்டம் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கூச்சம் வேண்டாம், பணம் உங்களுடையது.

முடிவில் கூடத்துக்கு ஆத்தங்குடி, குளியலறைக்குச் சொரசொரப்பு என்று தீர்ந்தது. மாமியாரின் குளியலறை வாசலில் படி எவ்வளவு உயரம் என்பதில் மட்டும் இன்னும் தகராறு. முக்கால் அங்குலம் போதும் என்பது என் கட்சி. கொத்தனார் இரண்டு அங்குலத்தில் நிற்கிறார்.