இலவசம் எப்போது வசவானது?



நேற்று நம் பழைய மாணவர் குழுவில் ஒரு தம்பி, "இலவசம் கொடுத்தே ஜனங்களைச் சோம்பேறி ஆக்கிவிட்டார்கள்" என்று எழுதியிருந்தார். நிறையப் பேர் கைதட்டியிருந்தீர்கள். பெயர் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் தட்டோடு நின்ற சத்துணவு வரிசையை ஒழுங்குபடுத்தியவன் நான்.

1984-ல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தச் சொல்லுக்கு யாரும் முகம் சுளித்ததில்லை. "ஃபீஸ் கிடையாது, மதியம் சோறு உண்டு, பிள்ளையை அனுப்புங்கம்மா" என்று வீடு வீடாகக் கூப்பிட்டிருக்கிறேன். 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி தர முயல வேண்டும் என்று அரசியலமைப்பே 45-வது பிரிவில் சொன்னது. 2009-ல் வந்த சட்டத்தின் பெயரைப் பாருங்கள்: இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம். இலவசமும் உரிமையும் ஒரே வரியில்!

2006 தேர்தலில் வண்ணத் தொலைக்காட்சி வாக்குறுதி வந்த பிறகுதான் கேலி பெருகியது என்பது என் கணிப்பு. அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு, டி.வி.யும் பாடநூலும் ஒன்றல்ல. ஆனால் கேலி டி.வி.யோடு நிற்கவில்லையே! சைக்கிள், சோறு எல்லாவற்றின் மேலும் தெறித்தது. 2011-க்குப் பிறகு அரசே கூச்சப்பட்டு "விலையில்லா மிக்சி", "விலையில்லா மடிக்கணினி" என்று பெயர் மாற்றியது. (இல்லா என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். மறந்திருப்பீர்கள்.)

கம்பெனிக்கு நிலத்தை மலிவாகக் கொடுத்து, வரியையும் விட்டுக்கொடுத்தால் அதற்குப் பெயர் "ஊக்கச் சலுகை". யாரும் அதை இலவசம் என்பதில்லை. அந்தக் காலத்தில் கோயிலுக்கும் ஊர் ஊழியம் செய்தவர்களுக்கும் விட்ட நிலத்துக்கு மானியம் என்று பெயர். வாங்கியவருக்கு அது கௌரவம். இன்று உர மானியம் வாங்கும் விவசாயியைப் பிச்சைக்காரன்போலப் பார்க்கிறோம்.

எங்கள் தெருவில் பூ விற்கும் அம்மா போன வாரம் காசு கொடுத்து ஷேர் ஆட்டோவில் போனார். மகளிருக்கு டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லையே என்றேன். "ஓசி டிக்கெட்டான்னு கேக்குறாங்க சார், கூசுது" என்றார். அன்றைய வியாபாரத்தில் இருபது ரூபாய் அந்த ஒரு சொல்லுக்குப் போனது.

தம்பி, கோபித்துக்கொண்டு குழுவை விட்டுப் போய்விடாதே. மறுப்பு இருந்தால் எழுதுப்பா. உன் தட்டில் விழுந்த சோற்றுக்கு என்ன பெயர் என்பதையும் சேர்த்து எழுது.