வலியின்மை நலமன்று

உப்புக்காற்று வீசும் நம் கரையில் இரும்பு விரைவில் துருப்பிடிப்பதை அனைவரும் அறிவோம். இரும்போடு ஆக்சிஜன் கூடுவதால் துரு விளைகிறது. ஏறத்தாழ அதற்கு ஒப்பான சேதம் நீரிழிவாளரின் நரம்புகளிலும் நிகழ்கிறது. அதனை மருத்துவர்கள் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்பர்.

இரத்தத்தில் சர்க்கரை நெடுங்காலம் மிகுந்திருந்தால், நரம்பணுக்களுக்குள் தேவைக்கு மேல் குளுக்கோஸ் புகுகிறது. அணுவின் ஆற்றல்கூடமான மைட்டோகாண்ட்ரியா அதனை எரிக்கையில், நிலையற்ற ஆக்சிஜன் மூலக்கூறுகள் அளவிறந்து தோன்றுகின்றன. அவை நரம்பையும், அதற்கு ஊட்டம் தரும் நுண்ணிய இரத்தக்குழாய்களையும் அரிக்கின்றன. நீண்ட நரம்புகளே முதலில் நலிகின்றன. ஆதலால் எரிச்சலும் மரப்பும் பாதத்தில் தொடங்குகின்றன.

இதனைக் கேட்டவுடன், கடையில் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை வாங்கி உண்டால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். அது போதாது என்பதே என் கருத்து. ஆல்ஃபா லிபோயிக் அமிலம் சிலருக்கு எரிச்சலைத் தணிக்கலாம்; சிதைந்த நரம்பை மீட்டுத் தரும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. மாறாக, முதல் வகை நீரிழிவாளரிடம் நடத்தப்பெற்று 1993-இல் வெளியான டி.சி.சி.டி. ஆய்வில், சர்க்கரையைச் செவ்வனே கட்டுப்படுத்தியோருக்கு நரம்புப் பாதிப்பு சுமார் 60 விழுக்காடு குறைந்தது. இரண்டாம் வகையினருக்குப் பயன் இந்த அளவுக்கு இல்லை. எனினும் கட்டுப்பாடே அடிப்படை. துருவின்மேல் வண்ணம் பூசுவதினும், உப்புநீர் படாமல் காப்பதே அறிவுடைமை.

உப்பளத்திலும் கடற்கரையிலும் வெறுங்காலுடன் உழைப்போர் இம்மாவட்டத்தில் உண்டு. மரத்த பாதத்தைச் சிப்பி கிழித்தாலும், தூண்டில் முள் தைத்தாலும் தெரியாது. வலிக்காத புண்ணை யாரும் பொருட்படுத்துவதில்லை. சீழ் கண்ட பின்னர் விரலையும், சில வேளைகளில் காலையுமே இழக்க நேர்கிறது.

ஆகவே, ஆண்டுக்கு ஒருமுறையேனும் "என் பாதத்தைச் சோதியுங்கள்" என்று மருத்துவரிடம் கேளுங்கள். 10 கிராம் மோனோஃபிலமென்ட் இழையால் பாத உணர்வைச் சில நிமிடங்களில் அறியலாம். மெட்ஃபார்மின் நெடுநாள் உண்போர் வைட்டமின் பி12 அளவைக் குறித்தும் கேளுங்கள். அதன் குறைபாடும் மரப்பை உண்டாக்கும். மருத்துவர் எழுதித் தந்த எந்த மருந்தையும் தாமாக நிறுத்த வேண்டா.

இல்லத்தார் நாள்தோறும் இரவில் நோயாளியின் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் விளக்கொளியில் பாருங்கள். உப்பளம் நடத்துவோருக்கும் ஒரு சொல்: உழைப்போருக்குப் பொருத்தமான காலணி தருவது தயவன்று, கடமை.