குற்றாலம் சீசன்: குழந்தையை வைத்துப் பிச்சை எடுத்தால் என்ன தண்டனை? ‘என் பிள்ளைதான்’ என்றால் விட்டுவிடுவார்களா?

ஜூனில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் போதும், தென்காசியில் இருந்து குற்றாலம் வரை ரோடே நிரம்பிவிடும். மெயின் அருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என கூட்டம் சேரும் இடத்தில் பிச்சை கேட்கும் கைகளும் நீளும். அந்தக் கை ஏழெட்டு வயசுப் பிள்ளையுடையது என்றால், அதை அனுப்பியவர் செய்வது குற்றம்.

பிள்ளை மீது வழக்கு வருமா?

வராது. 2015 சிறார் நீதிச் சட்டம், பிச்சை எடுக்கும் சிறுவரை பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை என்றே பார்க்கிறது. பிச்சை எடுக்க வைத்தவருக்குத்தான் 76-வது பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் அபராதம். பெற்றோர் துணைபோனாலும் இதே தண்டனைதான்.

கடத்தி வந்திருந்தால்?

2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 139-வது பிரிவு பாயும். குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். பிச்சைக்காக உறுப்பைச் சிதைத்தால் குறைந்தது 20 ஆண்டு. சட்டப்படி பாதுகாவலர் அல்லாதவர் பிள்ளையைப் பிச்சைக்குப் பயன்படுத்தினாலே, கடத்தியதாகக் கோர்ட் அனுமானிக்கும். இல்லை என்று நிரூபிப்பது அவர் பாடு.

அப்புறம் சிக்கல் எங்கே?

‘இது என் பிள்ளைதான் சார்’ என்று ஒருவர் சொல்லி, அது உண்மையாகவும் இருந்தால் அந்த அனுமானம் செல்லாது. மிச்சம் இருப்பது 76-வது பிரிவு. ஆனால், 2021 திருத்தம் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை உள்ள குற்றங்களை, மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத வகைக்குள் தள்ளிவிட்டது. பிச்சை எடுக்க வைப்பதும் இதில் சிக்கிக்கொள்கிறது என்று டெல்லி குழந்தைகள் உரிமை ஆணையம் உச்ச நீதிமன்றம் வரை போனது. அருவிக்கரையில் இன்று நிற்பவர் நாளை புளியரை தாண்டிக் கேரளாவில் இருக்கலாம். உத்தரவு வாங்கி வரும்வரை யார் காத்திருப்பார்?

பார்த்தால் என்ன செய்வது?

1098-க்கு போன் செய்யுங்கள். போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டாம். மீட்கப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதும் குற்றமே. மீட்ட 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் ஆஜர்படுத்த வேண்டும். வெளியூர்ப் பிள்ளை என்றால், விசாரித்த பிறகு சொந்த மாவட்டக் குழுவுக்கு அனுப்புவார்கள்.