ஒரு சொல்லில் ஓர் ஓட்டை

மென்பொருளுக்குக் காப்புரிமை கூடாது என்று நான் சொன்னதும் மேலமாசி வீதி டீக்கடையில் நண்பர் ஒருவர் மடக்கினார்: “ஏங்க, ஒங்க நாவலை எவனாவது திருடி அச்சுப் போட்டா சும்மா இருப்பீங்களா?”

இருக்கமாட்டேன். அதற்குத்தான் பதிப்புரிமை இருக்கிறது. நிரல் எழுதுகிறவருக்கும் அதே உரிமை உண்டு. 1984ஆம் வருஷத் திருத்தத்தில் கணினி நிரலையும் இலக்கியப் படைப்புகளோடு சேர்த்துவிட்டது நம் பதிப்புரிமைச் சட்டம். அவர் எழுதிய வரியை நான் காப்பியடித்தால் குற்றம். இதில் தகராறே இல்லை.

பேட்டண்ட் என்கிற காப்புரிமை வேறு சரக்கு. அது வரியைக் காப்பதில்லை. வழியையே வளைத்துப் போடுகிறது. கிராமத்துப் பையன் பட்டணத்துக்கு வந்து சீரழிகிறான் என்ற கதைப்போக்கை ஒருவர் இருபது வருஷத்துக்குத் தம் பெயரில் பதிந்துகொண்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் புத்தகத்தைக் கண்ணால் பாராமலே அதே போக்கில் நான் எழுதினாலும் நான்தான் குற்றவாளி. தமிழில் அப்புறம் எத்தனை நாவல் மிஞ்சும்?

மதுரையில் தெருவுக்குத் தெரு ஜிகர்தண்டா விற்கிறார்கள். பெயர்ப்பலகை அவரவருக்குச் சொந்தம். பாலைச் சுண்டக் காய்ச்சிக் கடல்பாசி போடுவது யாருக்கும் சொந்தமில்லை. நிரல் உலகமும் அப்படித்தான் இருக்கவேண்டும்.

இது கற்பனைப் பயம் அல்ல. திரையில் எழுத்தைக் கூர்மையாக நிறுத்தும் ஒரு முறைக்கு ஆப்பிள் நிறுவனம் காப்புரிமை வைத்திருந்தது. ஃப்ரீடைப் என்னும் கட்டற்ற மென்பொருளை ஆக்கியவர்கள் அதற்கான நிரலைத் தாங்களே எழுதியிருந்தார்கள். வழக்குக்கு அஞ்சி அதை அணைத்தே வெளியிட்டார்கள். 2010 மே மாதம் காப்புரிமை காலாவதியான பிறகுதான் தைரியமாகத் திறந்தார்கள். யாரும் எதையும் திருடவில்லை. ஆனாலும் பூட்டு விழுந்தது.

பெரிய கம்பெனி என்றால் கப்பம் கட்டித் தப்பித்துக்கொள்ளும். கட்டற்ற மென்பொருளுக்கு அந்த வழியும் அடைப்பு. யாரும் பிரதி எடுக்கலாம், யாருக்கும் கொடுக்கலாம் என்று விட்ட சரக்குக்குப் பிரதிக்கு இவ்வளவு என்று யார் கணக்கு வைப்பது? லினக்ஸ் எந்த உரிமத்தின் கீழ் வருகிறதோ, 1991இல் வந்த அந்த உரிமமே சொல்கிறது: வாங்குகிறவரும் கப்பமில்லாமல் பிறருக்குக் கொடுக்கமுடியாதென்றால், நீ கொடுக்கவே கூடாது.

நம் சட்டம் என்ன சொல்கிறது? 2002ஆம் வருஷத் திருத்தம், கணினி நிரலுக்கு ‘தன்னளவில்’ காப்புரிமை இல்லை என்றது. நிரலோடு சேர்ந்து பிறக்கும் மற்ற ஆக்கங்களைத் தள்ளிவிடக் கூடாதென்று பாராளுமன்றக் கூட்டுக் குழு அந்தச் சொல்லைச் சேர்த்தது. நல்லெண்ணம்தான். ஆனால் அந்த ஓட்டை வழியாக யானையே போகிறது. 2004 டிசம்பரில் ஓர் அவசரச் சட்டம் அதை அகலப்படுத்தப் பார்த்தது. 2005இல் பாராளுமன்றம் அதை ஏற்கவில்லை. 2016இல் புதுமையான வன்பொருளும் கூட வேண்டும் என்று காப்புரிமை அலுவலகம் நெறிமுறை வகுத்தது. மறுவருஷமே அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. பாராளுமன்றம் வாசலில் மறுத்ததை அலுவலகம் கொல்லைப்புறமாக அழைத்துவரலாமா?

“தன்னளவில் இது நிரல் அல்ல, பெட்டியோடு சேர்ந்தது” என்று வக்கீல்கள் வாதாடுகிறார்கள். நான் கேட்கிறேன்: எந்தப் பெட்டியிலும் ஏறாமல் அந்தரத்தில் ஓடும் நிரல் எது?

அந்த ஒரு சொல்லைச் சட்டத்திலிருந்து எடுக்கவேண்டும். என் கட்சி அவ்வளவுதான்.