பட்டாளத்து வண்டி வாங்கலாமான்னு கேக்கறவங்களுக்கு

போன வாரம் பெரியபாளையம் பங்க்குல டீசல் போட்டுக்கிட்டு இருந்தேன். ஒரு தம்பி பைக்கை ஓரங்கட்டிட்டு ஓடி வந்தாரு. "அண்ணே, ஆர்மி வண்டி தானே இது? எங்க பிடிச்சீங்க? டெய்லி ஓட்டலாமா?"

இது மாசத்துக்கு ரெண்டு தடவையாவது வர்ற கேள்வி. 2019ல தோனி ராஞ்சி ரோட்டுல பச்சை நிசானை ஓட்டிக்கிட்டு போன வீடியோ வந்ததுக்கு அப்புறம் ரொம்பவே கூடிடுச்சு. தல ஓட்டினா நாமளும் ஓட்டணும்ல! ஒவ்வொருத்தருக்கும் பங்க்குல நின்னு பதில் சொல்லி மாளல, அதான் இந்தப் பதிவு. தெரிஞ்சவங்க யாராவது கேட்டா இதைக் காட்டிடுங்க மக்கா.

முதல்ல வண்டி என்னன்னு சொல்லிடறேன். எல்லாரும் இதை ஜோங்கான்னு தான் கூப்பிடறாங்க. ஜோங்கா இதோட தம்பி, ஜீப் மாதிரி இருக்கும். எங்கிட்ட இருக்கறது நிசான் ஒன் டன். முன்னாடி கேபின், பின்னாடி தொட்டி, ஃபோர் வீல் டிரைவ். ரெண்டுமே ஜபல்பூர் பிள்ளைங்க. அறுபதுகள்ல ஜப்பான் நிசான் கம்பெனியோட ஒப்பந்தம் போட்டு, முதல்ல அங்க இருந்த கன் கேரேஜ் ஃபேக்டரியிலயும் அப்புறம் 1969ல வந்த வெஹிக்கிள் ஃபேக்டரியிலயும் செஞ்சாங்க. 'ஜபல்பூர் ஆர்ட்னன்ஸ் அண்ட் கன்கேரேஜ் அசெம்பிளி'ங்கறதோட சுருக்கம் தான் ஜோங்கா. இதுல ஒரு கூத்து. 2021 அக்டோபர்ல ஆர்ட்னன்ஸ் ஃபேக்டரி போர்டைக் கலைச்சு ஏழு கம்பெனியா பிரிச்சப்ப அந்த ஜபல்பூர் ஃபேக்டரி 'ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் நிகாம்' கீழ வந்துச்சு. அதோட தலைமை ஆபீஸ் எங்க? நம்ம ஆவடி. அப்ப என் வண்டிக்குப் புகுந்த வீடும் திருவள்ளூர் மாவட்டம், பெரியப்பா வீடும் திருவள்ளூர் மாவட்டம் :-)

பொறந்தப்ப இது பெட்ரோல் வண்டி. ஆறு சிலிண்டர், 3,956 சிசி. பட்டாளம் பெட்ரோல் போடற வரைக்கும் கவலை இல்ல, நாம போட ஆரம்பிச்சா வீட்டை வித்து தான் போடணும். அதனால எனக்கு முன்னாடி வெச்சிருந்தவர் தொண்ணூறுகள்லயே டாடா 407 டீசல் இஞ்சினை உள்ள இறக்கி, ஆர்சி புத்தகத்துலயும் ஏத்திட்டாரு. நான் வாங்கறப்ப டீசல் வண்டி தான். லிட்டருக்கு எட்டு, ஒன்பது குடுக்கும். எழுபதுக்கு மேல போகாது. போனாலும் காது தாங்காது. காலையில பால் பாக்கெட் வாங்கக் கிளப்பினா தெருவே எழுந்துக்கும்.

இதைப் போய் ஏன் தினம் ஓட்டினேன்னு கேப்பீங்க. வீடு திருவள்ளூர்ல. ஆணி புடுங்கறது கும்மிடிப்பூண்டி சிப்காட்ல. ரெண்டும் ஒரே மாவட்டம், ரெண்டு ஊர்லயும் ரயில் நிக்குது. ஆனா ஒண்ணு அரக்கோணம் லைன், இன்னொண்ணு கூடூர் லைன். ரயில்ல போகணும்னா பேசின் பிரிட்ஜ் வரைக்கும் போய் மாறி, திரும்பவும் வடக்க ஏறணும். மூக்கைச் சுத்தித் தொடறதுன்னா இதான். ரோட்டுல பெரியபாளையம், ஆரணி, புதுவாயல் வழியா போனா போக வர நூறு கிலோமீட்டர். அந்த ரோட்டுல பாதி தூரம் செங்கல் லாரியும் மணல் லாரியும் சேர்ந்து குழி தோண்டி வெச்சிருக்கும். காருக்கு மாசம் ஒரு வேலை வெச்சது. அப்ப தான் இந்த வண்டி கண்ணுல பட்டுச்சு. பட்டாளத்தையே தாங்கின வண்டி புதுவாயல் ரோட்டைத் தாங்காதான்னு ஒரு கணக்கு.

தாங்கிச்சு. அதுல பொய் சொல்ல மாட்டேன். சேஸிஸ்ல ஒரு விரிசல் கிடையாது, ஸ்பிரிங் பட்டை ஒண்ணு கூட உடையல. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் அடிச்சப்ப எங்க தெருவுல முட்டிக்கு மேல தண்ணி. கார்லாம் படகு மாதிரி நிக்குது. நம்ம வண்டி மட்டும் புகையை விட்டுக்கிட்டு நாலு வீட்டுக் குடும்பத்தை ஏத்திக்கிட்டு மேட்டுத் தெருவுக்குப் போச்சு. டீசல் இஞ்சின்ல ஸ்பார்க் பிளக் இல்லையா, காத்து உறிஞ்சற வாய்க்குள்ள தண்ணி போகாத வரைக்கும் ஓடும். அன்னிக்கு தங்கமணி கூட, "பரவாயில்ல, உருப்படியா ஒண்ணு வாங்கியிருக்கீங்க"ன்னாங்க. கல்யாணமாகி முதல் தடவையா!

இனிமே தான் மேட்டரே.

வண்டிக்கு வேலை பாக்கறவர் ஒரு ரிட்டயர்டு ஹவில்தார். ஈ.எம்.இ.ல இருந்தவர். பட்டாளத்துல வண்டி, பீரங்கி, ரேடியோ எல்லாத்தையும் ரிப்பேர் பாக்கறதுக்குன்னே 1943ல ஆரம்பிச்ச படைப்பிரிவு அது. வண்டியை முதல்ல பாத்த அன்னிக்கே சொன்னாரு:

"சார், பட்டாளத்து வண்டி ஸ்ட்ராங்குன்னு எல்லாரும் சொல்றாங்க. வண்டி ஸ்ட்ராங் இல்ல சார். பின்னாடி நாங்க நூறு பேர் நின்னோம், அதான் ஸ்ட்ராங்கு. ஓடினாலும் ஓடாட்டியும் டிரைவர் தினம் பாக்கணும், டைரியில எழுதணும். எழுதலைன்னா தோலை உரிச்சுடுவாங்க. நீங்க வண்டியை மட்டும் வாங்கிட்டு வந்துட்டீங்க."

நான் சிரிச்சுட்டு விட்டுட்டேன். ஞாயித்துக்கிழமை கிரீஸ் கன்னைத் தூக்கிக்கிட்டு வண்டிக்கு அடியில படுத்துக்கறதை ஆறு மாசம் ஒழுங்கா செஞ்சேன். அப்புறம் ஞாயிறுன்னா பிரியாணி, தூக்கம்னு ஆயிடுச்சு. உங்களுக்கும் அதான் ஆகும், எழுதி வெச்சுக்குங்க.

நாலு வீல்லயும் டிரம் பிரேக். பூஸ்டர் கிடையாது, கால் பலம் தான். டிரம்முக்குள்ள தண்ணி போயிட்டா பிரேக் பிடிக்காது. தண்ணியைத் தாண்டினதும் லேசா பிரேக்கை அமுத்திக்கிட்டே கொஞ்ச தூரம் ஓட்டிக் காய வைக்கணும். அதாவது வெள்ளத்துல ஹீரோ ஆக்கற வண்டியே வெள்ளம் தாண்டின உடனே வில்லன் ஆயிடும். இது போதாதுன்னு முன் இடது வீல் சிலிண்டர் கசிவு. ஒரிஜினல் கிடைக்கல. புதுப்பேட்டையில ஒரு நாள் முழுக்க அலைஞ்சு, வேற ஏதோ வண்டியோடதை வாங்கி லேத்துல கடைஞ்சு மாட்டினோம். "இது தற்காலிகம் சார்"னு ஹவில்தார் சொன்னாரு. தற்காலிகம் எட்டு மாசம் ஓடுச்சு.

2024 அக்டோபர், ஒரு மழைநாள் காலை. சின்னவனுக்கு ஸ்கூல் லீவு, "அப்பா நானும் உங்க ஃபேக்டரிக்கு வரேன்"னு முன்னாடி ஏறிட்டான். புதுவாயல் தாண்டி ஜிஎன்டி ரோட்டுல ஏறி, கவரப்பேட்டைக்கிட்ட போய்க்கிட்டு இருக்கோம். முன்னாடி ஒரு கன்டெய்னர் லாரி திடீர்னு நின்னான். நான் ஏறி நின்னேன், நெஜமாவே பிரேக் மேல ஏறி நின்னேன். வலது வீல் மட்டும் பிடிச்சுது, இடது பிடிக்கல. வண்டி வலப்பக்கமா இழுத்துக்கிட்டுப் போய் மீடியன்ல முட்டி நின்னுச்சு. பின்னாடி வந்தவர் புண்ணியவான், ஒதுங்கிட்டாரு.

வண்டிக்கு ஒரு கீறல் இல்ல. பம்பர்ல ஒட்டின சுண்ணாம்பைத் துடைச்சா புதுசு மாதிரி. உள்ள இருந்த இரும்பு டேஷ்போர்டுல சின்னவன் வாய் மோதி முன்பல்லு பாதி உடைஞ்சு போச்சு. சீட் பெல்ட்? அந்த வண்டிக்கு ஏது சீட் பெல்ட். மாட்டணும்னு ரெண்டு வருஷமா சொல்லிக்கிட்டு மட்டும் இருந்தேன்.

அன்னிக்கு உரைச்சது இது தான். இப்ப வர்ற கார் மோதினா அது நசுங்கும், அப்படி நசுங்கணும்னு தான் டிசைன். அடியை அது வாங்கிக்குது. இந்த மாதிரி வண்டி நசுங்காது, அடி அப்படியே உள்ள இருக்கற ஆளுக்கு வந்துடும். 'இரும்பு மாதிரி இருக்குண்ணே'ன்னு பானெட்டைத் தட்டிப் பாக்கறாங்க பாருங்க, அந்தச் சத்தம் கேட்டாலே எனக்கு இப்ப வயித்தைக் கலக்குது.

வாங்கியே தீருவேன்னு நிக்கறவங்களுக்கு சட்டமும் கொஞ்சம். பட்டாளத்துல இருக்கற வரைக்கும் இந்த வண்டிக்கு மேல் நோக்கின அம்புக்குறி போட்ட தனி நம்பர், நம்ம ஆர்டிஓவுக்கு வேலை இல்ல. வெளிய வந்துட்டா மோட்டார் வாகனச் சட்டம் 60வது பிரிவுப்படி மத்த வண்டி மாதிரி பதிவு பண்ணியாகணும். அந்தப் பச்சை கலரும் கூடாது. பாதுகாப்புத் துறை தவிர வேற யாரும் ஆலிவ் கிரீன் அடிக்கக் கூடாதுன்னு 1989 விதிகள்லயே இருக்கு, 121வது விதி. என்னுது யானை கலர். 'அண்ணே, பச்சை அடிச்சா மாஸா இருக்கும்'னு சொல்றவங்க அபராதத்தையும் சேர்த்துக் கட்டிட்டுப் போங்க. பெட்ரோல் வண்டியை வாங்கி டீசல் இஞ்சின் இறக்கிக்கலாம்னு நினைச்சா, அதுவும் பழைய காலம். கம்பெனி குடுத்த அடிப்படை அமைப்பை மாத்தினா பதிவு பண்ணக் கூடாதுன்னு ஒரு கேரள வழக்குல 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் கறாரா சொல்லிடுச்சு.

இன்னொண்ணு, வரத்தே நின்னுக்கிட்டு வருது. 2023 ஏப்ரல்ல இருந்து 15 வருஷம் தாண்டின அரசு வண்டிகளோட பதிவு காலாவதி, பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்துல தான் குடுக்கணும். பாதுகாப்புப் பணியில இருக்கற கவச வண்டி, சிறப்பு வண்டிகளுக்கு விலக்கு உண்டு. ஆனா நம்மள மாதிரி ஆளுங்க ஏலத்துல எடுத்த சாதா ஜீப்பு, டிரக்கு எல்லாம் இனிமே கட்டருக்குத் தான் போகும். இதுக்காக நம்ம பழைய வண்டி பிரியர்கள் ஒப்பாரி வைக்கறதைப் பாத்தேன். எனக்கும் மனசு கஷ்டம் தான். வயசை மட்டும் பாத்து வண்டியைக் கொல்றது சரியில்ல, பிரேக்கையும் புகையையும் பாத்து முடிவு பண்ணணும்ங்கறது என் கட்சி. ஆனா அப்படி ஒழுங்கா டெஸ்ட் வெச்சிருந்தா அந்த எட்டு மாசம் என் வண்டி பாஸ் ஆகியிருக்குமா? ஆகியிருக்காது. அப்புறம் எந்த வாயை வெச்சுக்கிட்டுப் பேசறது.

அந்தத் தம்பிக்கு என்ன பதில் சொன்னேன்னா, "தம்பி, ஞாயித்துக்கிழமை ஓட்டறதுக்குன்னா ஆர்சி ஒழுங்கா இருக்கற வண்டியா பாத்து வாங்கு. பெல்ட் மாட்டு, நாலு வீல் சிலிண்டரையும் மாத்து. தினம் வேலைக்குப் போக, பொண்டாட்டி புள்ளைய ஏத்தறதுக்குன்னா வேணாம்." அவரு கேட்டுக்கிட்டாரு. போறப்ப பானெட்டை ஒரு தட்டு தட்டிட்டுத் தான் போனாரு.

இப்ப தினப்படிக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் சின்ன கார். ஏபிஎஸ் இருக்கு, ஏர்பேக் இருக்கு. புதுவாயல் குழியில விழுந்து மாசம் ஒரு வேலை வைக்குது, வைக்கட்டும். நிசானை வாரத்துக்கு ஒரு தடவை பெரியபாளையம் வரைக்கும் தனியா ஓட்டிட்டு வந்து ஷெட்ல விடறேன். சிலிண்டர் மாத்தியாச்சு, பெல்ட்டும் மாட்டியாச்சு. ஆனா தங்கமணி ஏற மாட்டேங்கறாங்க. சின்னவன் மட்டும் "அப்பா, பல்லு முளைக்காதாப்பா?"ன்னு கேட்டுக்கிட்டே வந்து சக்கரத்து மேல ஏறி நிப்பான். அது பால் பல்லு இல்ல.

சிப்காட்ல பழைய இரும்பை உருக்கிக் கம்பி போடற ஃபர்னேஸ் நிறைய. கார்ல போறப்ப ஸ்கிராப் லாரி எதிர்ல வந்தா, அதுல பச்சை பெயிண்ட் அடிச்ச கதவு ஏதாவது தெரியுதான்னு கண்ணு தானா போகுது.

டிஸ்கி: வண்டியை விக்கற ஐடியா இல்ல. விலை கேட்டுப் பின்னூட்டம் போடாதீங்க.