ஆராய்ச்சிப் பணமும் குடிசை மக்களும்

பல்கலைக்கழகங்கள் மதில்களுக்குள் அடைந்து கிடக்கக் கூடாது, மக்களிடம் வரவேண்டும் என்று டில்லியில் இருப்பவர்கள் சொல்லத் தொடங்கியது இன்று நேற்றல்ல. காந்தியடிகளின் நூற்றாண்டான 1969-ல் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களைக் கொண்டு நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பட்டது. இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம் பிறந்ததும் அதே ஆண்டில்தான். அன்று அறிவுரையாக இருந்தது இன்று மானியமாக மாறியிருக்கிறது. 2014 நவம்பரில் உன்னத பாரத இயக்கம் வந்தது. 2018-ல் 'இம்ப்ரெஸ்' என்ற பெயரில் 1,500 சமூக அறிவியல் ஆய்வுகளுக்கென்று 414 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 2019-ல் பல்கலைக்கழக மானியக் குழு 'ஸ்ட்ரைட்' திட்டத்தை அறிவித்தது. சமூகத்தோடு சேர்ந்து கற்பதை ஒரு பாடமாகவே வைக்கவேண்டும் என்று 2020-ல் அதே குழு வழிகாட்டு நெறி வெளியிட்டது. 2023-ல் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்பது அதன் கணக்கு. அதில் பெரும்பகுதி தனியார் முதலாளிகளின் பையிலிருந்து வரும் என்பது எதிர்பார்ப்பு!

இவற்றை நாம் எதிர்க்கவில்லை. மக்கள் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சி மக்களுக்குப் பயன்படவேண்டும் என்பதை எதிர்ப்பவர் யார்? நாம் கேட்பது வேறு. இந்தப் பணம் எந்தக் கையில் கொடுக்கப்படுகிறது, எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறது, விடை கிடைத்தபின் அது யாரிடம் போய்ச் சேருகிறது?

உன்னத பாரத இயக்கத்தையே எடுத்துக்கொள்வோம். டில்லி ஐ.ஐ.டி. ஒருங்கிணைக்கும் இத்திட்டத்தில் சேரும் கல்வி நிறுவனம் ஒவ்வொன்றும் குறைந்தது ஐந்து கிராமங்களைத் தத்தெடுக்க வேண்டும். நல்லது. ஆனால் அந்தக் கிராமங்களில் பிழைக்க வழியின்றி ரயிலேறியவர்கள் எங்கே இருக்கிறார்கள்? தாராவியில், சீத்தா கேம்ப்பில், மான்கூர்டில், கோவண்டியில் இருக்கிறார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்களின் மூன்றாம் நான்காம் தலைமுறை இங்கே சந்துகளில் வாழ்கிறது. அவர்கள் விட்டு வந்த கிராமத்தைத் தத்தெடுக்கத் திட்டம் இருக்கிறது. அவர்கள் வாழும் சந்தைத் தத்தெடுக்க அதில் இடமில்லை. 'இம்ப்ரெஸ்' பட்டியலிட்ட பதினொரு துறைகளில் நகர மாற்றம் ஒன்று என்பது உண்மைதான். நகரத்தை ஆராயலாம் என்கிறார்கள், நகர ஏழையோடு சேர்ந்து வேலை செய்வதற்குத்தான் அட்டவணையில் பத்தி இல்லை.

இதற்கு உதாரணம் தேடி நாம் வெகுதூரம் போகவேண்டாம். டாடா சமூக அறிவியல் கழகம் 1936-ல் பம்பாயில் தொடங்கப்பட்டு, 1954-ல் தேவ்னாருக்குக் குடிபெயர்ந்தது. பக்கத்திலேயே 1927 முதல் நகரத்தின் குப்பை கொட்டப்பட்டு வரும் மைதானம். அந்த வட்டாரம் இன்று எம்-கிழக்கு வார்டு எனப்படுகிறது. 2009-ல் வெளிவந்த மும்பை மனித வளர்ச்சி அறிக்கை, வார்டுகள் அனைத்திலும் கடைசி இடத்தை இதற்குத்தான் கொடுத்தது. அந்தக் கழகம் தன் 75-வது ஆண்டான 2011-ல் இந்த வார்டை முழுமையாக எடுத்துக்கொண்டு வேலை செய்ய முன்வந்தது. மாணவர்களை அனுப்பி விவரம் சேகரித்தது. நல்ல முயற்சி, பாராட்டுகிறோம். தேவ்னாருக்கு வந்து 57 ஆண்டுகள் கழித்து என்று யாராவது கேட்டால் அதிலும் நியாயம் உண்டு. ஆனால் அந்தக் கழகத்துக்கு ஒரு பெருமையையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆதரவற்ற குழந்தைகள் எந்த நேரத்திலும் அழைக்க 1098 என்ற தொலைபேசி எண், 1996-ல் அதன் களப்பணித் திட்டமாகத்தான் பிறந்தது. பின்னர் அது நாடெங்கும் பரவி, 2023-ல் அரசாங்கம் நேரடியாக ஏற்றுக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்தது. தெருவில் தூங்கும் பையன் தானே பயன்படுத்தக்கூடிய எண் அது. அலமாரியில் கிடக்கும் நூறு அறிக்கைகளுக்கு அது சமம்.

இத்தகைய வேலைகள் ஏன் அரிதாக இருக்கின்றன? பேராசிரியர்களுக்கு மனமில்லை என்று சொல்லிவிடுவது எளிது, ஆனால் நேர்மையாகாது. காரணம் பணம் வரும் முறையில் இருக்கிறது. மானியம் கல்வி நிறுவனத்தின் கணக்குக்குத் தவணை தவணையாக வருகிறது. முதல் தவணையைச் செலவு செய்து, தணிக்கை செய்த சான்றிதழ் அனுப்பினால்தான் அடுத்தது. நிர்வாகச் செலவென்று நிறுவனம் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதியில் ஆராய்ச்சி உதவியாளர் சம்பளம், பயணம், கம்ப்யூட்டர், அச்சுச் செலவு. காலம் ஓராண்டு அல்லது இரண்டாண்டு. அதற்குள் ஒரு சேரியின் தண்ணீர்க் குழாயைப் பற்றி அறிக்கை எழுதலாம். குழாயைக் கொண்டுவர முடியாது. ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் ஆராய்ச்சியாளரின் சோறும் அந்தத் தவணையில்தான் இருக்கிறது. 2024 ஜூனில் அதே டாடா கழகத்தில், அறக்கட்டளைப் பணம் புதுப்பிக்கப்படவில்லை என்று நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள், ஊழியர்களுக்கு வேலை முடிந்தது என்ற கடிதம் போனது. எதிர்ப்புக் கிளம்பியதும் அது திரும்பப் பெறப்பட்டது. வார்டில் இறங்கி வேலை செய்பவரின் கதியே இப்படியென்றால், வார்டில் வாழ்பவரின் கதியை யார் நினைப்பார்கள்?

சேரியிலிருந்து வேலைக்கு எடுக்கப்படும் நம் பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கிறது? படிவத்துக்கு இவ்வளவு என்ற கூலி. வீடு காட்டுவது, மொழிபெயர்ப்பது, சந்தேகப்படும் கிழவியைச் சமாதானப்படுத்தி உட்காரவைப்பது எல்லாம் அவர்கள் வேலை. அறிக்கையின் முகப்பில் அவர்கள் பெயர் இருப்பதில்லை. அறிக்கையும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். பதில் சொன்ன தாய் அதைப் படிக்கவேண்டுமென்றால் தன் பேத்தி கல்லூரிக்குப் போகும்வரை காத்திருக்கவேண்டும்.

கணக்கெடுப்பு என்றால் நம் மக்கள் ஏன் பயப்படுகிறார்கள் என்பதை மானியம் கொடுப்பவர்கள் புரிந்துகொள்ள வேண்டும். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே மாதம், பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் தேவைக்காக ஜனதா காலனி இடித்துத் தள்ளப்பட்டது. சுமார் 70,000 மக்கள் சீத்தா கேம்ப்புக்குக் கொண்டு போகப்பட்டனர். அவர்களில் தமிழர்கள் ஏராளம். அதை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் போராடியவர் கோலார் தங்கவயலில் பிறந்து பம்பாய்க்கு வந்த தச்சுத் தொழிலாளி ஜோக்கின் அற்புதம். ஓர் ஆராய்ச்சி நிலையமே தங்களை அகற்றியதைக் கண்ட மக்களிடம் போய், ஆராய்ச்சிக்காக வந்திருக்கிறோம் என்று ஒருவர் சொன்னால் அந்தச் சொல் அவர்கள் காதில் எப்படி விழும்?

தோல்வியிலிருந்து அந்த மக்கள் கற்ற பாடம், தங்களைத் தாங்களே எண்ணிக்கொள்வது. அற்புதம் தலைமையிலான தேசிய குடிசைவாசிகள் சம்மேளனமும், 1984-ல் தோன்றிய 'ஸ்பார்க்' நிறுவனமும், நடைபாதைப் பெண்கள் அமைத்த மகிளா மிலனும் அந்த வேலையைச் செய்தன. நடைபாதைவாசிகளை அகற்றலாமா என்று உச்ச நீதிமன்றத்தில் ஓல்கா டெல்லிஸ் வழக்கு நடந்த 1985-ல், சுமார் 6,000 நடைபாதைக் குடும்பங்களின் விவரத்தை 'ஸ்பார்க்' தொகுத்து வெளியிட்டது. அடுத்து தாராவிக்கு மத்திய அரசின் பணம் வந்தபோது, எத்தனை குடும்பங்கள் இருக்கின்றன என்ற கேள்வி எழுந்தது. சம்மேளனம் தானே இறங்கி எண்ணியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள், ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் என்று கணக்குச் சொன்னது. எழுதப் படிக்கத் தெரியாத பெண்களும் சேர்ந்து செய்த வேலை இது. வீட்டு எண், குடும்ப எண்ணிக்கை, வந்த ஆண்டு, தொழில் எல்லாம் அவர்கள் கையிலேயே இருந்தன. அதிகாரியிடம் பேசப் போகும்போது மனுவோடு கணக்கும் போனது. இதற்கு எந்தப் பல்கலைக்கழகமும் பட்டம் கொடுக்கவில்லை என்றாலும், சமூக ஆராய்ச்சி என்று சொல்லத் தகுந்தது இதுதான் என்பது நம் கருத்து.

அந்தக் கணக்கின் அருமை இப்போது தெரிகிறது. 2022 நவம்பரில் தாராவி மறுசீரமைப்பு அதானி குழுமத்தின் கைக்குப் போனது. 2024 மார்ச்சில் வீடுவீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் இருப்பவர்க்கு தாராவியிலேயே 350 சதுர அடி வீடு. பின்னால் வந்தவர்களும் மாடியில் இருப்பவர்களும் வேறிடத்தில், வேறு நிபந்தனையில். ஒரு தேதி, ஒரு தளம், ஒரு காகிதம் — இவற்றில் குடும்பத்தின் தலையெழுத்து தொங்குகிறது. இந்த நிலையில் வருமானம் எவ்வளவு, எப்போது வந்தீர்கள், வாடகைக்கு இருப்பவர் யார் என்று கேட்டு ஒரு மாணவன் படிவத்தோடு வந்தால், அந்தப் படிவம் எங்கே போகும் என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம்மைக் காக்கும் என்றும் இருந்துவிட முடியாது. நிபந்தனைகளோடு என்றாலும், ஆராய்ச்சிக்கு அந்தச் சட்டமே விலக்கு அளித்திருக்கிறது.

வேறு நாடுகளில் வழி இல்லாமல் இல்லை. 1970-களில் நெதர்லாந்தில் பல்கலைக்கழகங்கள் 'அறிவியல் கடை' என்று திறந்தன. தொழிற்சங்கமோ தெருச்சங்கமோ தன் சந்தேகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால், மாணவர்களும் ஆசிரியர்களும் ஆராய்ந்து பதில் சொல்வார்கள். சரக்குக்கு விலை இல்லை! கனடாவில் 1999-ல் சமூக அறிவியல் ஆராய்ச்சி மன்றம் தொடங்கிய கூட்டணித் திட்டத்தில், சமூக அமைப்பும் பல்கலைக்கழகமும் சமபங்காளிகளாகச் சேர்ந்து விண்ணப்பிக்கவேண்டும் என்பது அடிப்படை. ஐந்தாண்டுவரை பணம் கிடைத்தது. நம் நாட்டிலும் 1982 முதல் டில்லியில் 'பிரியா' என்ற நிறுவனம் மக்கள் பங்கேற்கும் ஆராய்ச்சி பற்றி விடாமல் பேசி வருகிறது. யோசனை இல்லாத குறை நமக்கு இல்லை.

மானியக் குழுவிடமும் சமூக அறிவியல் கழகத்திடமும் நாம் கேட்பது பெரிய காரியமல்ல. சமூக ஆய்வு என்று பணம் கேட்கும் விண்ணப்பத்தில் அந்தச் சமூகத்தின் சங்கமோ மன்றமோ கையெழுத்திட்டிருக்க வேண்டும். பெயருக்கு ஒரு கடிதம் போதாது. ஒதுக்கீட்டில் ஒரு பகுதி நேராக அந்த அமைப்பின் கணக்குக்கு வரவேண்டும், அதற்குத் தணிக்கை கேட்கட்டும், காட்டுகிறோம். அறிக்கை அச்சாகுமுன் தமிழ், மராத்தி, இந்தி, உருது என்று அங்கு பேசும் மொழியில் அந்த மக்கள் கூட்டத்தில் படிக்கப்பட வேண்டும். மருத்துவ ஆராய்ச்சிக்கு 2017-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வகுத்த நெறிமுறைகள், புரியும் மொழியில் விளக்கி ஒப்புதல் பெறச் சொல்கின்றன. ரத்தம் எடுப்பதற்கு இருக்கும் மரியாதை முகவரி எடுப்பதற்கும் வேண்டும். ஐந்து கிராமங்கள் என்ற விதியில் நகரக் குடிசைப் பகுதியையும் சேர்க்கட்டும்.

நம் பக்கத்திலும் வேலை இருக்கிறது. விழாவுக்கு வசூல் செய்த நோட்டுகள் சங்கங்களில் அடுக்கடுக்காக இருக்கின்றன. எந்தச் சந்தில் எத்தனை குடும்பம், எந்த ஆண்டு வந்தது, எத்தனை பேருக்கு ரேஷன் கார்டு, எத்தனை பெண்கள் படிப்பை நிறுத்தினார்கள் என்ற நோட்டு எத்தனை சங்கத்தில் இருக்கிறது? இன்று மும்பைக் கல்லூரிகளில் நம் பிள்ளைகள் பட்டமேற்படிப்பு படிக்கிறார்கள். ஆய்வுத் தலைப்புத் தேடி அலையும் அவர்களைக் கூப்பிட்டு இந்த வேலையைக் கொடுக்கலாம். கணக்கெடுக்க வருகிறவர்களிடம் எந்த மானியம், யார் பொறுப்பாளர், எப்போது முடியும், நகல் எப்போது கிடைக்கும் என்ற நான்கையும் எழுதி வாங்கிக்கொண்டு உள்ளே விடலாம். எழுதித் தருகிறவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து, சந்து சந்தாகக் கூட்டிக்கொண்டு போய், கதவைத் தட்டிக் கொடுப்பதும் நம் சங்கத்தாரின் பொறுப்புதான்.